மூன்றாம் ஹாலுக்கு ரிலீஃப் வரவில்லை

டைம்கீப்பர் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டால் வீட்டில் மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அதுதான் நடந்தது. மேசை முழுக்கப் பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டி, ஸ்கேலும் நாலு கலர் பென்சிலும் வைத்துக்கொண்டு அவர் திரைப்பட விழாவுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எங்கே இறங்கி யாரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டும் என்று அட்டவணை போடுவதே அவருக்குப் பிழைப்பு. அந்தக் கையில் போய்ச் சினிமா விழாவின் நிகழ்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்தால் சும்மா இருக்குமா?

கொடுத்தது அவருடைய மைத்துனன்தான், மனைவியின் தம்பி. அவன் ஏசி மெக்கானிக். விழா நடக்கிற தியேட்டரில் நாலு ஹாலுக்கும் ஏசி சரிசெய்து கொடுத்திருந்தான். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துபோய், மூன்று நாளும் எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று நாலு பாஸை எடுத்து நீட்டிவிட்டார். வீட்டில் இருப்பதும் சரியாக நாலு பேர். டைம்கீப்பர், அவர் மனைவி, மைத்துனன், அப்புறம் டைம்கீப்பரின் அக்கா. அக்கா ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலை மட்டும்தான், நர்ஸ் அப்படியே இருந்தார்.

வேறு குடும்பமாக இருந்தால் என்ன செய்யும்? பிடித்த படமாக நாலைந்து பொறுக்கிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரும். டைம்கீப்பருக்கு அது அநியாயமாகப் பட்டது. நாலு ஹால், நாலு பாஸ், பெரிய இயக்குநர் ஒருவர்கூட இல்லாத சின்னச் சின்னப் படங்கள், வேறெங்கும் பார்க்கக் கிடைக்காதவை. ஒன்றை விட்டாலும் விட்டதுதானே? ஆகவே ஒரு ஹாலுக்கு ஓர் ஆள் என்று டியூட்டி போட்டார். டிப்போவில் எந்த டிரைவரையும் முழு ரூட்டும் ஓட்ட விடமாட்டார்கள், அலுப்பு தட்டிவிடும், பாதி வழியில் ஆள் மாற்றுவார்கள். ஆகவே படத்தின் பாதியில் ஒவ்வொருவரும் எழுந்து அடுத்த ஹாலுக்குப் போய், அங்கே இருப்பவரை விடுவிக்க வேண்டும். படம் முடிந்ததும் வராந்தாவில் கூடி, முதல் பாதி பார்த்தவர் கதையை இரண்டாம் பாதி பார்த்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். இப்படிச் செய்தால் விழாவின் அத்தனை படத்தையும் குடும்பமாகப் பார்த்து முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஒரு படத்தைக்கூட யாரும் முழுசாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது. ரிலீஃப் வராமல் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மழையோ வெயிலோ, அடுத்த டிரைவர் வந்து கையில் வண்டியை வாங்கிக்கொள்ளாமல் இறங்குகிறவன் டிரைவரே இல்லை என்பது அவருடைய வேதம். சுற்றைத் தொடங்கி வைக்க, ஒன்றாம் ஹாலில் இருப்பவருக்கு மட்டும் மணி பார்த்து முதலில் எழுந்திருக்கச் சலுகை.

இந்தக் கூத்தையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி அடுப்பில் குழம்பு வைத்ததையே மறந்தாள். காரணம், அந்தப் புத்தகத்தில் இருந்த படங்களில் ஒன்றில் அவள் நடித்திருந்தாள்.

யாருக்கும் தெரியாது. அவளுக்குத் துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை. பேன்ட்டுக்குக் கால் குறைப்பது, சட்டைக்கு இடுப்புப் பிடிப்பது. திரைச்சீலை மடித்துத் தைக்கக் கொடுக்க வந்த ஓர் இளம்பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நான் ஒரு படம் எடுக்கிறேன், நீங்கள் நடிக்கிறீர்களா என்று கேட்டாள். இவளும் என்ன தோன்றியதோ, சரி என்றுவிட்டாள். சாப்பாட்டு வேளைகளில் படப்பிடிப்பு நடந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பஸ்கள் வருகின்றன, அவள் எதிலும் ஏறவில்லை. பாதிப் படத்துக்கு மேல் அவளை யாரென்று காட்டாமல் முதுகையும் கையையும் காட்டுகிறார்கள். அப்புறம் முகத்தைக் காட்டும்போது அவள் பேச வேண்டும். மனசில் இருப்பதை யாரைப் பற்றியாவது பேசுங்கள் என்றாள் அந்த இயக்குநர்ப் பெண். இவள் வாயைத் திறந்தாள். புருஷனைப் பற்றி, அவர் முகத்துக்கு நேராக ஒரு நாளும் சொல்லாததெல்லாம் வந்து கொட்டிவிட்டது.

அதை அவர் கேட்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை. வீட்டில் சொல்லிப் பார்க்காமலா இருந்தாள்? வாயெடுத்தால் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். திரையில் இருப்பவளிடம் அந்தப் பாச்சா பலிக்காது. சரி, நான் நடித்திருக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றால், சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நீ எத்தனையாவது நிமிடத்தில் வருகிறாய் என்று கேட்பார். அந்த நிமிடத்துக்குக் கரெக்டாக உள்ளே வருவார், பார்ப்பார், நன்றாக இருந்தது என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஹாலுக்குக் கிளம்பிவிடுவார். முதலில் இருந்து உட்கார்ந்து, அந்தப் பெண் ஒவ்வொரு பஸ்ஸாக விடுவதைப் பார்த்தால்தான் அவள் பேசுவது மனசில் இறங்கும். பாதியில் வந்து கேட்டால் அது வெறும் புருஷன் பெண்டாட்டிச் சண்டை.

திட்டத்தில் அந்தப் படம் இரண்டாம் நாள் மத்தியானம், மூன்றாம் ஹால். முதல் பாதிக்கு நாத்தனார், இரண்டாம் பாதிக்குத் தம்பி. புருஷன் பேரே அந்தப் பக்கம் இல்லை.

மேசை ஓரமாக வந்து நின்று, ஒரே ஒரு படமாவது நாம் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே ரூட்ல ஒரே நேரத்துல ரெண்டு வண்டி எதுக்கும்மா?"

அவள் போய் அடுப்பை அணைத்தாள். அழுகை முட்டியது, ஆனால் தலையைக் கவிழ்த்து அழுவதற்கும் அந்த மேசையில்தான் இடம் வேண்டியிருந்தது.

முதல் நாள் விழா எப்படிப் போனது என்று கேட்கிறீர்களா? கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றும் இரண்டும் கீழ்த்தளம், மூன்றும் நாலும் மாடி. படம் பாதியில் ஓடும்போது நாலு கதவும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். இருட்டில் இருந்து நாலு பேர் வந்து, கதவருகே ஒருவருக்கொருவர் தலையாட்டிவிட்டு, அடுத்த கதவுக்குள் புகுந்து மறைவார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் முதல் தடவை இவர்களை ஏதோ சோதனை செய்ய வந்த அதிகாரிகள் என்று நினைத்து எழுந்து நின்றார்.

வராந்தாவில் கதை ஒப்படைக்கும் லட்சணம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. நாத்தனார் எந்தப் படத்தையும் வார்டு மாற்றுகிற மாதிரிதான் சொல்வார். பெரியவருக்கு மூச்சுத் திணறல், மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை, நான் கிளம்பும்போது பெரியவர் கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். டைம்கீப்பருக்குக் கதாநாயகன் கிளம்பினதும் லேட், சேர்ந்ததும் லேட். அவர் மனைவிக்கு ஆட்களின் உடுப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது, ஏனென்றால் அவள் மனசு எந்தப் படத்திலும் இல்லை. தம்பி இருக்கிறானே, அவன்தான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டான். குளிர்ந்த அறையில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவான். ஏசி சரியாக வேலை செய்கிறதா என்று அவன் சோதிப்பதே அப்படித்தான், தூக்கம் வந்தால் சரி. தூங்கி எழுந்து வந்து, வாய்க்கு வந்ததைக் கதையாக அடித்துவிடுவான். மூச்சுத் திணறிய பெரியவர் இரண்டாம் பாதியில் பாலத்தில் இருந்து குதித்து ஒரு கப்பலைக் கடத்தினார். டைம்கீப்பர் அதையும் இதையும் சேர்த்து ஒரே படமாக மனசில் ஏற்றிக்கொண்டு, என்ன ஒரு திருப்பம் என்று மெய்மறந்து நின்றார்.

அன்று சாயங்காலம்தான் அவளுக்கு வழி பிறந்தது. தம்பி இரண்டாம் ஹாலில் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டான். அவனை விடுவிக்கப் போன நாத்தனார் எழுப்பவில்லை. தூங்குகிற பேஷண்டை எழுப்பக் கூடாது என்பது அவருடைய சட்டம். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் ஹாலில் தம்பிக்காகக் காத்திருந்த டைம்கீப்பர்? ஒரு குளத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருந்த படம். தவளைகூட வரவில்லை. ஆனாலும் மனிதர் அசையவில்லையே. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி எழுத்து ஓடும்வரை உட்கார்ந்திருந்தார், கூட்டுகிறவர் வந்து காலைத் தூக்கச் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. ரிலீஃப் வராவிட்டால் இந்த மனுஷன் படத்தை முழுசாகப் பார்த்துத்தான் தீருவார் என்று அவளுக்குப் பளிச்சென்று பட்டது.

இரவே காய் நகர்த்தினாள். உங்கள் அக்காவுக்கு முட்டி வலி, சாப்பிட்ட கையோடு மாடி ஏறச் சொன்னால் தாங்குமா, நாளை மத்தியானம் அவரைக் கீழே ஒன்றாம் ஹாலில் போட்டுவிட்டு நீங்கள் மூன்றாம் ஹாலில் ஆரம்பியுங்களேன் என்றாள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்து, அவளை ஒரு சக ஊழியரைப் பார்ப்பதுபோல் மரியாதையோடு பார்த்தார். மாற்றி எழுதினார். மூன்றாம் ஹாலில் அவர், அவரை விடுவிக்க இரண்டாம் ஹாலில் இருந்து வரவேண்டியது தம்பி. அவள் நாலாம் ஹால். இனிமேல் தம்பி தூங்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கா பஞ்சம்?

மறுநாள் மத்தியானம் அவனுக்கு வயிறு முட்டச் சோறு போட்டாள். இரண்டாம் ஹாலில் கொண்டுபோய் உட்காரவைத்து, குளிருமே என்று சால்வையைப் போர்த்தி, கழுத்துவரை செருகியும் விட்டாள். அதற்கப்புறம் மாடி ஏறி நாலாம் ஹாலில் போய் உட்கார்ந்தாள். அங்கே என்ன படம் ஓடியது என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

பாதி நேரம் வந்தது. நாலாம் ஹாலுக்கு ரிலீஃப் வரவில்லை. அவளை விடுவிக்க வரவேண்டியவர் புருஷன்தான், அவர் வரவில்லை என்றால் காரியம் பலித்துவிட்டது என்று அர்த்தம். இப்போது அவளும் சட்டப்படி உட்கார்ந்தே இருக்க வேண்டும். எழுந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக டைம்கீப்பர் போட்ட டியூட்டியை மீறி எழுந்தாள்.

வெளியே வந்தால், படிக்கட்டில் தம்பி ஏறி வந்துகொண்டிருக்கிறான். கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவக்க வைத்திருந்தான். முந்தின நாள் மாமா விட்ட டோஸில் ரோஷம் வந்து, தொடையைக் கிள்ளிக்கொண்டே விழித்திருந்தானாம். கொஞ்சம் லேட், ஆனாலும் டியூட்டிக்கு வந்துவிட்டேன் என்று பெருமையாக மூன்றாம் ஹாலின் கதவில் கை வைத்தான். பிறந்ததில் இருந்து தூங்கியவன், விழித்திருக்கத் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள்.

அவள் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். நான் இந்தப் படத்தில் இருக்கிறேன், இன்னும் சற்று நேரத்தில் பேசப் போகிறேன், உன் மாமா அதைக் கேட்காவிட்டால் இனிமேல் எப்போதுமே கேட்கப் போவதில்லை என்றாள்.

அவன் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றான். அக்காவை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தான்.

"நான் தூங்கிட்டேன்க்கா. நீ போ."

சும்மா சொல்லவில்லை, அவள் கதவைத் திறப்பதற்குள் குறட்டை கேட்டது.

உள்ளே கும்மிருட்டு. புருஷனின் வழுக்கை திரை வெளிச்சத்தில் பளபளத்ததால் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அவருக்கு நேர் பின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். திரையில் அவளுடைய முதுகு. ஒரு பஸ் வந்தது, நின்றது, போனது. டைம்கீப்பர் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். ரிலீஃப் வராத தவிப்பு ஒரு பக்கம் என்றால், அந்தப் பெண் ஒரு வண்டியிலும் ஏறாத தவிப்பு இன்னொரு பக்கம். ஒவ்வொரு பஸ் வரும்போதும் சீட்டின் நுனிக்கு வந்து, ஏறும்மா, ஏறு என்று முணுமுணுத்தார். அவள் ஏறவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் உஷ் என்றார்கள்.

அடுத்தது முகம். அந்தச் சமயம் பார்த்தா அந்த மனுஷன் ரிலீஃப் வந்தானா என்று திரும்ப வேண்டும்? திரும்பினார். நேர் பின்னால் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீ ஹால் நாலுல இல்ல இருக்கணும்?" என்று கிசுகிசுத்தார்.

அவள் வாயை இறுக மூடியிருந்தாள். ஆனால் அவள் குரல் கேட்டது. அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்து, ஹால் முழுக்க நிறைந்து கேட்டது.

"அவரு ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல. என்னை ஒரு நிமிஷம் காக்க வெச்சதில்ல. எல்லாரும் நீ குடுத்து வெச்சவன்னு சொல்லுவாங்க. எத்தன மணிக்குக் கிளம்பணும்னு சொல்லுவாரு, நானும் கிளம்பி நிப்பேன். எங்க போகணும்னு மட்டும் என்னை ஒரு நாள் கேட்டதில்ல."

டைம்கீப்பர் அவள் மூடிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவர் அவளை இவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது. ஒரு சின்ன அசைவாவது தெரிகிறதா என்று உதட்டைத் துருவினார், தெரியவில்லை. குரல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. மெதுவாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். அங்கே அவள் முகம் சுவர் அளவுக்கு இருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. மறுபடி பின்னால் திரும்பினார். இங்கேயும் தண்ணீர் நின்றது. அப்புறம் அவர் திரும்பவில்லை. படம் முடிகிற வரைக்கும் அவர் பிடரி ஆடாமல் இருந்தது.

விளக்கு போட்டார்கள். ஜனங்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். நாலைந்து பேர் அவளை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அது எதுவும் ஏறவில்லை, முன் சீட்டில் இருந்த முதுகு எழுந்திருக்கிறதா என்பதுதான் கவலை. நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டே மாடியேறி வந்து, கீழே என் படத்தில் ரெண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இங்கே நிலைமை எப்படி என்று கேட்டார். டைம்கீப்பர் கையைக் காட்டி அக்காவை நிறுத்தினார். எழுந்து, வரிசையைச் சுற்றிக்கொண்டு வந்து, பெண்டாட்டிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

"எங்க போகணும்?" என்று கேட்டார்.

பென்சிலும் தாளும்கூடக் கையில் எடுத்துவிட்டார். எந்த ஊரைச் சொன்னாலும் அந்த நிமிடமே ரூட் போடத் தயாராக இருந்தார். நாத்தனார் கடற்கரைக்குப் போகலாமே, காற்று உடம்புக்கு நல்லது என்று ஆரம்பித்தார். நான் அவளைக் கேட்டேன் என்றார் டைம்கீப்பர்.

அவள் வாயைத் திறந்தாள். மனசுக்குள் துழாவினாள், கடல், மலை, அம்மா வீடு, கடைத்தெரு, எதை எடுத்தாலும் தன்னுடையதாகப் படவில்லை. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் மருகியவள், கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நாளும் யோசித்து வைக்கவில்லை. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

"தெரியலங்க," என்றாள்.

அவர் பென்சிலைத் தாழ்த்தினார். அடுத்த படத்துக்கு ஆட்கள் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள். நாலு ஹாலிலும் படம் ஆரம்பிக்கப் போகிறது, ஒரு ஹாலிலும் டியூட்டிக்கு ஆள் இல்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"முன்னாடியே கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இல்ல?"

"தெரிஞ்சிருக்கும்," என்றாள். பொய் சொல்லி அவரைத் தேற்ற அவளுக்கு மனசு வரவில்லை. அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்கவும் முடியவில்லை. அவளே சொன்னாள், "நாளைக்கும் கேளுங்க. யோசிச்சு வைக்கிறேன்."

டைம்கீப்பர் அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பென்சில் மறுபடி தாளின் மேல் வந்து நின்றது.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை.